கெர்ட்டுவின் ஏழு மணி முறை

கோவோலா,
நவம்பர் 9, ஞாயிறு.

மதிப்பிற்குரிய மைத்துனர் என்சியோ அவர்களுக்கு,

அர்மாஸ் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அனைவரும் என்றால் நான் ஒருவன். அங்கே கெமியார்வியில் உங்கள் மனைவியும் மகளும் உங்கள் இடது முழங்காலும் நலம் என்று நம்புகிறேன். இங்கே இன்னும் பனி விழவில்லை, மழைதான். நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. மழையைப் பற்றியும் இருட்டைப் பற்றியும் எழுத எதுவும் இல்லை என்றாலும், கடிதத்தின் தொடக்கத்தில் எழுதுவது நம் வழக்கம் என்பதால் எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் மாதத்தின் மூன்றாம் செவ்வாய்க்கிழமை மாலை, எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம், நிலவறையில் சவுனா நீராவிக் குளியலறைக் கதவின் பக்கத்து ஆணியில் நூலில் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்த பென்சிலை அகற்றிவிடுவது என்று பதினொரு வாக்குகளுக்கு இரண்டு என்ற வித்தியாசத்தில் தீர்மானித்தது. தீர்மானம் பதிவேட்டில் ஏறியது. விதிப்படி இரண்டு உறுப்பினர்கள் அதைப் படித்துச் சரிபார்த்துக் கையெழுத்திட்டார்கள். அந்த இருவரில் நான் ஒருவன். எதிர்த்து வாக்களித்த இருவரில் ஒருவர் பாசோனென். இன்னொருவர் சன்னலைத் திறக்கச் சொல்லிக் கை தூக்கியவர், அவரையும் எண்ணிவிட்டார்கள்.

அந்தப் பென்சிலை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதன் கீழே ஒரு நீல நோட்டு இருக்கும். எங்கள் கட்டடத்தில் நாற்பத்தொரு வீடுகள், ஒரு சவுனா, வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம். யாருக்கு எந்த நாள், எந்த மணி என்பதை நாற்பது ஆண்டுகளாக அந்த நோட்டில் எழுதி வைத்தவர் முதல் மாடி பாசோனென். அவருக்கு இப்போது எண்பத்தாறு வயது. முறைகளிலேயே உயர்ந்தது வெள்ளிக்கிழமை ஏழு மணி என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மணி என்றால் வேலையிலிருந்து ஓடி வர வேண்டும், எட்டு மணி என்றால் தொலைக்காட்சிச் செய்தி போய்விடும். அந்த ஏழு மணிக்காக உங்கள் அக்கா கெர்ட்டு ஆறு ஆண்டுகள் வரிசையில் காத்திருந்தாள். முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் நான்காம் மாடிக்காரர்கள் தாம்பேரேவுக்குக் குடிபோனபோது அது அவளுக்குக் கிடைத்தது. அன்று அவள் கேக் செய்தாள். எங்களுக்குத் திருமணமானபோது கேக் கடையில் வாங்கியது.

பென்சில் இருந்த இடத்துக்குச் சவுனுரி என்ற மென்பொருள் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் சங்கத்தின் மேலாளர் ருஸ்கனென், முன்னேற்றத்தில் ஆர்வமுள்ள மனிதர், குளிர்காலத்திலும் சாக்ஸ் போடாதவர். கதவைத் திறப்பது சவுனுரி, அடுப்பைச் சூடாக்குவது சவுனுரி, யாருக்கு எந்த முறை என்று நினைவு வைத்துக்கொள்வதும் சவுனுரி. மூன்றுக்கும் செல்பேசி ஒன்று போதும்.

"கரண்டு போச்சுன்னா?" என்று பாசோனென் கேட்டார்.

"போகாது."

"கம்பெனி போச்சுன்னா?"

ருஸ்கனென் சிரித்தார். "கம்பெனி எங்க போகும் பாசோனென்? நீங்க போனாக்கூட அது இருக்கும்."

பாசோனென் மறுநாள் காலை நீல நோட்டைக் குப்பைக் கூடத்துக்கு எடுத்துப்போய், தாள்களைக் கிழித்துக் காகிதத் தொட்டியிலும், கம்பிச் சுருளை உலோகத் தொட்டியிலும், பிளாஸ்டிக் அட்டையை அதற்குரிய தொட்டியிலும் போட்டார். பென்சிலை எதில் போடுவது என்று தெரியாமல் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

நான் ஏன் ஆதரித்து வாக்களித்தேன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. முப்பத்து நான்கு ஆண்டுகள் நகர நூலகத்தில் புத்தகப் பட்டியல் தயாரித்தவன் நான். அட்டைப் பெட்டிகளை எடுத்துவிட்டு ஒரு மென்பொருள் வந்தது, இதுவே கடைசி என்றார்கள். பிறகு அது போய் இன்னொன்று வந்தது. அதுவும் போய் மூன்றாவது வந்தது. கடைசி மென்பொருளை மூன்று முறை பார்த்தவன் நான். ஒவ்வொரு மாற்றத்திலும் சில ஆயிரம் புத்தகங்கள் அலமாரியில் இருந்துகொண்டே பட்டியலிலிருந்து காணாமல் போயின. வாசகர்கள் கேட்டால், கையால் தொட்டுக்கொண்டே, இல்லை என்று சொல்லுவோம். இவ்வளவும் தெரிந்துதான் கை தூக்கினேன். கூட்டம் ஏழு மணியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, காபியும் தீர்ந்துவிட்டது.

எனக்கு அந்த மாதிரிச் செல்பேசி கிடையாது, வேண்டாம் என்று இருந்தேன். ஆகவே முறை கெர்ட்டுவின் பெயரில், அவள் செல்பேசியில் பதிவானது. மஞ்சள் பூப்போட்ட உறை போட்டிருப்பாளே, அது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆறே முக்காலுக்கு அது 'ட்ரிங்' என்று சத்தம் போட்டுச் செய்தி காட்டும்: "கெர்ட்டு, கல் சூடாகிவிட்டது. வாளியை மறக்காதே!"

"பாத்தியா அர்மாஸ், எப்படிக் கூப்பிடுதுன்னு. முப்பது வருசத்துல நீ ஒரு நாளாவது இப்படிச் சொல்லியிருப்பியா?" என்றாள் அவள்.

"நீதான் வாளிய மறக்கவே மாட்டியே."

"அதான் பேச்சா இப்ப?" என்று சொல்லிவிட்டு வாளியை என் கையில் கொடுத்தாள். அதுவரை முப்பது ஆண்டுகளும் அவள்தான் தூக்கி வந்திருக்கிறாள் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

போன வருடம் பிப்ரவரியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். குடியிருப்பில் ஒருவர் இறந்தால் வாசல் கம்பத்தில் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடுவது நம் நாட்டில் எங்கும் உள்ளதுதான், எங்கள் கட்டடத்திலும் விட்டார்கள். யாருக்காக என்று யாரும் யாரையும் கேட்கவில்லை; லிஃப்டில் என்னைப் பார்த்தவர்கள் தலையை ஒரு அங்குலம் கூடுதலாக அசைத்தார்கள், அதுதான் துக்க விசாரிப்பு. சங்கத்தின் விதி பதினான்கின்படி, சவுனா முறை ஒரு பெயருக்கு மட்டுமே உரியது. மணமுறிவு, மரணம், தாம்பேரேவுக்கோ வேறு ஊருக்கோ குடிபெயர்தல் ஆகிய மூன்று சந்தர்ப்பங்களிலும் முறை வரிசையில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும். நான் அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்க முயன்றேன் என்றுதான் சொல்வேன். சவுனுரியைத் திறந்து பார்த்தேன். "கணக்கை நீக்கு" என்று ஒரு பொத்தான் இருந்தது. "தற்காலிகமாக நிறுத்து" என்று ஒன்று. "நண்பரை அழை" என்று ஒன்று. இறந்துபோனதைச் சொல்லப் பொத்தான் இல்லை. தேடினேன், கிடைக்கவில்லை, அதோடு விட்டுவிட்டேன்.

அப்புறம் என்ன, செல்பேசியைச் சமையலறைச் சன்னலில் மின்னேற்றிக்கொண்டே வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை ஆறே முக்காலுக்கு அது கெர்ட்டுவைக் கூப்பிடும். வாளியை எடுத்துக்கொண்டு கீழே போய்ச் செல்பேசியைக் கதவில் காட்டுவேன். கதவு கெர்ட்டுவை உள்ளே விடும், நான் பின்னால் போவேன். அவள் பிறந்த நாளை ஒட்டி வருகிற டிசம்பர் வெள்ளிக்கிழமையில் வழக்கம்போலப் போன வருடமும் நீங்கள் வந்தீர்கள். மூன்றாவது தடவை நீங்கள் அடுப்பின் சூடான கல்லில் தண்ணீர் ஊற்றியபோது, "அக்கா இருந்தா இவ்வளவு ஊத்த விட்டிருக்க மாட்டா" என்றீர்கள். அதற்குப் பிறகு நாம் எட்டு மணி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல மாலை அது.

இந்த ஆகஸ்டில் சவுனுரியிலிருந்து எல்லோருக்கும் ஒரு மடல் வந்தது. கெர்ட்டுவுக்கும் வந்தது. "நம் இனிய பயணம் செப்டம்பர் 30 அன்று நிறைவு பெறுகிறது. உங்களோடு வியர்த்ததில் பெருமைப்படுகிறோம்" என்று எழுதி, கீழே ஒரு இதயம் போட்டிருந்தது. நிறுவனத்தை வசந்தகாலத்திலேயே வேறொரு நாட்டுப் பெரிய நிறுவனம் வாங்கிவிட்டதாம். வாங்கியவர்களுக்கு எங்கள் சவுனா தேவைப்படவில்லையாம், சவுனுரியை எழுதிய பொறியாளர்கள் மட்டும்தான் தேவைப்பட்டார்களாம். ருஸ்கனென் அறிவிப்புப் பலகையில் "கவலை வேண்டாம்" என்று ஒட்டினார். அந்தத் தாளைப் பார்த்துத்தான் பலருக்குக் கவலைப்பட ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது.

செப்டம்பர் 30 செவ்வாய்க்கிழமை. இரண்டாம் மாடிக்காரர்கள் தங்கள் முறையை முடித்து வெளியே வந்தார்கள், கதவு பூட்டிக்கொண்டது, சரியாக எட்டு மணிக்கு அந்நிய நாட்டில் யாரோ ஒரு பொத்தானை அமுக்கினார்கள். அடுப்புக்குக் கடைசியாகக் கிடைத்த கட்டளை சூடாகு என்பது. அணைந்துகொள் என்று சொல்ல ஆள் இல்லை. திற என்று கதவுக்குச் சொல்லவும் ஆள் இல்லை. ஆக மறுநாள் புதன்கிழமை மாலை நிலவறைக்குப் போய்ப் பார்த்தால், உள்ளே தொண்ணூறு டிகிரியில் சவுனா கொதித்துக்கொண்டிருக்கிறது, வெளியே பதினொரு பேர் துண்டும் வாளியுமாகச் சுவரோரம் நிற்கிறார்கள். முதலில் வந்தவர் செல்பேசியைக் காட்டி, திறக்காமல், கொஞ்ச நேரம் பார்ப்போம் என்று நின்றிருக்கிறார். அடுத்து வந்தவர் அவர் நிற்பதைப் பார்த்து வரிசை போலிருக்கிறது என்று பின்னால் நின்றிருக்கிறார். இப்படியே பதினொருவர். என்ன ஆச்சு என்று ஒருத்தரும் வாயைத் திறந்து கேட்கவில்லை, கேட்டால் வரிசையைத் தாண்டப் பார்க்கிறான் என்று நினைத்துவிடுவார்களே. நான் பன்னிரண்டாவதாக நின்றேன். ஒன்பது மணிக்கு முதலாமவர் பெருமூச்சு விட்டுவிட்டு மாடி ஏறினார். நாங்களும் வரிசை மாறாமல் ஏறினோம். வியாழக்கிழமை ருஸ்கனென் வந்து ஃபியூஸைப் பிடுங்குகிற வரைக்கும் அடுப்பு எரிந்தது. பக்கத்துச் சாமான் அறையில் பாசோனென் குளிர்காலத்துக்கு வைத்திருந்த உருளைக்கிழங்கு முளைவிட்டுவிட்டது.

அந்தப் பெரிய நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு ருஸ்கனென் மாடிப்படியில் நின்று பேசினார், ஒலிபெருக்கியில் போட்டதால் நானும் கேட்டேன். நாற்பது நிமிடம் பியானோ. பிறகு ஒரு பெண்.

"அந்தப் பொருளோட ஆயுள் முடிஞ்சிருச்சுங்க," என்றாள், மருத்துவமனையில் சொல்வார்களே, அந்தக் குரலில்.

"சரிங்க. யாருக்கு எந்த முறைங்கற பட்டியல் மட்டும் குடுங்க போதும்."

"அது உங்க உரிமைங்க. செப்டம்பர்லயே அனுப்பியிருக்கோமே, ஒரு கோப்பு."

"வந்துச்சு. தொறக்க மாட்டேங்குது."

"சவுனுரில தொறக்கணுங்க."

"சவுனுரி இல்லையே!"

"ஆமாங்க, அதான் ஆயுள் முடிஞ்சிருச்சே. வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

முன்னமே ஒரு தாளில் அச்செடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று ருஸ்கனெனைக் கேட்டேன். அச்செடுக்கும் வசதி உயர்நிலைத் தொகுப்பில்தான் உண்டாம், நாங்கள் எடுத்தது அடிப்படைத் தொகுப்பாம். ஆறு வருடமாக எங்கள் வாரத்தை நாங்களே படிக்க முடியாத ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருந்திருக்கிறோம், சாவி வைத்திருந்தவர்கள் சாவியையும் கரைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பூட்டுக்காரர் வந்து கதவைத் துளைபோட்டுத் திறந்து சாதாரணப் பூட்டு மாட்டினார். மின்பணியாளர் வந்து அடுப்புக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் வைத்து, பழைய வழக்கப்படி எல்லா நாளும் ஒவ்வொரு மணி முறைக்கும் எரிந்து அணையும்படி முடுக்கிவிட்டார். சவுனா வந்துவிட்டது. யாருடையது எப்போது என்பதுதான் இல்லை.

அக்டோபர் 14 அன்று அவசரக் கூட்டம். காபியும் ஏலக்காய் ரொட்டியும் உண்டு. பதினான்கு பேர், ஒவ்வொருவருக்கும் நடுவில் ஒரு காலி நாற்காலி விட்டு உட்கார்ந்திருந்தோம். ருஸ்கனென் வெள்ளைப் பலகையில் வாரத்தைக் கட்டம் போட்டு, "ரொம்ப சிம்பிள். அவங்கவங்க முறைய அவங்கவங்க சொல்லிட்டா முடிஞ்சுது," என்றார்.

என்சியோ, இந்த மனிதர் நம் நாட்டில்தான் பிறந்தாரா என்று அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. பதினான்கு பேர் முன்னால் வாயைத் திறந்து, நல்ல முறை என்னுடையது என்று சொல்லுவதாம்! நான்கு நிமிடம் யாரும் பேசவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இரண்டாம் மாடிக்காரர், "எல்லாரும் எடுத்துக்கிட்டு மிச்சம் இருக்கறது எதுன்னாலும் எங்களுக்குச் சரி," என்றார். உடனே எல்லோருக்கும் உயிர் வந்தது. எனக்கும் மிச்சம் போதும், எனக்கும் மிச்சம்தான் வசதி என்று ஆளாளுக்கு முந்திக்கொண்டார்கள். திங்கட்கிழமை பகல் மூன்று மணிக்கு மூன்று பேர் போட்டி போட்டார்கள். செவ்வாய் காலை பத்துக்கு ஒரு பெண்மணி, அந்த நேரத்தில் அவர் பல் மருத்துவமனையில் வேலையில் இருப்பார், அது எல்லோருக்கும் தெரியும். ஒரு மணி நேரத்தில் வாரத்தின் ஆகாத நேரம் எல்லாம் நிரம்பிவிட்டது, ஆகிற நேரம் எல்லாம் பலகையில் வெள்ளையாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை ஏழு மணி யாரோடது?" என்றார் ருஸ்கனென்.

எல்லோரும் காபிக் கோப்பையைப் பார்த்தார்கள்.

"யாரோ ஒருத்தரோடதுதானே அது? பாசோனென், உங்களுக்கு ஞாபகம் இருக்குமே?"

பாசோனென் என்னைப் பார்த்தார். நாற்பத்தொரு முறையும் அவருக்கு மனப்பாடம் என்பது என்னைப் போலவே அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். "என் வேலை ஆறு வருசத்துக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. பதிவேட்டுல இருக்கு, பாருங்க," என்று சொல்லிவிட்டு இன்னொரு ரொட்டியை எடுத்துக்கொண்டார்.

நான் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னவென்று சொல்வது? என்னுடையது என்றால் பொய். கெர்ட்டுவுடையது என்றால் விதி பதினான்கு. எனக்குப் புதன்கிழமை பகல் இரண்டு மணி கிடைத்தது. என் சொந்தப் பெயரில் எனக்குக் கிடைத்த முதல் முறை. நான்கு தடவை போய்விட்டேன். அந்த நேரத்தில் வியர்வைகூட யோசித்துத்தான் வருகிறது. வெள்ளி ஏழு மணிக் கட்டம் காலியாகவே இருக்கிறது. அடுப்பு மட்டும் கடிகாரத்தின்படி வெள்ளிக்கிழமைதோறும் ஆளில்லாமல் எரிந்து அணைகிறது. பொது முடிவு எடுக்கும்வரை கடிகாரத்தை யாரும் தொடக்கூடாது என்று ருஸ்கனென் ஒட்டியிருக்கிறார்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை, நிலவறை விளக்கு சரியாக எரிகிறதா என்று பார்க்க ஏழு மணிக்குக் கீழே போனேன். சவுனாக் கதவு முன்னால் ரைலி நின்றுகொண்டிருந்தார். மூன்றாம் மாடி, ரயில்வேயில் சிக்னல் அறையில் இருந்து ஓய்வு பெற்றவர், கட்டடத்தின் கொடியை ஏற்றி இறக்குவது அவர் பொறுப்பு. வெள்ளி ஏழு மணிக்கான வரிசையில் ஒன்பது ஆண்டுகளாக முதலில் இருப்பவர் அவர்தான்.

"என்ன அர்மாஸ், இந்தப் பக்கம்?"

"பல்பு எரியுதான்னு பாக்க வந்தேன். நீங்க?"

"நானும் பல்புதான்."

இருவரும் பல்பை அண்ணாந்து பார்த்தோம். எரிந்துகொண்டிருந்தது.

"உள்ள தொண்ணூறு இருக்கும் இப்ப," என்றார்.

"அவ்வளவு வேணாம். கெர்ட்டு எண்பத்தஞ்சுதான் வைப்பா."

இன்னும் இருப்பவளைப் போல, வைப்பாள் என்று சொல்லிவிட்டேன். அவர் மறுபடி பல்பை அண்ணாந்து பார்த்தார். ஆகவே நான்தான் பேச வேண்டியதாயிற்று.

"நீங்க கூட்டத்துல கேட்டிருக்கலாமே ரைலி. வரிசைல ஒம்போது வருசமா நீங்கதான் முதல்ல."

"கேட்டிருக்கலாம்."

"ஏன் கேக்கல?"

"அது ஆள் இருக்கற முறை."

"விதி பதினாலு..."

"விதிய எனக்குச் சொல்றீங்களா? பிப்ரவரில கொடிய அரைக்கம்பத்துல விட்டது யாருன்னு நெனச்சீங்க? கயிறு உறைஞ்சு கம்பி மாதிரி நின்னுச்சு. ரெண்டு கையுறை பாழ்."

எனக்கு அது தெரியாது. அதாவது, தெரியும், அப்படி யோசித்ததில்லை.

"அப்ப இத்தனை நாளும் தெரிஞ்சுதான் இருந்தீங்களா?"

"வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா எட்டு மணி லிஃப்டுல தலை நனைஞ்சு வர்றீங்க, கைல பூப்போட்ட போனு. தெரியாம இருக்க நான் என்ன குருடா?"

"சொல்லியிருக்கலாமே."

"அந்தப் பொட்டிக்கே தெரியல அவ போயிட்டான்னு. நான் எதுக்குச் சொல்லணும்?"

பிறகு அவர், "இப்ப உள்ள போங்க, சும்மா எரியுதுல்ல," என்றார். என் பெயரில் இல்லையே, என் முறை புதன் இரண்டு மணி என்றேன். என் பெயரிலும் இல்லை என்றார் அவர். பூட்டின் சாவி ஆணியில்தான் தொங்கியது, பழைய பென்சில் ஆணி. யாரும் எடுக்கவில்லை. எட்டு மணிக்கு அடுப்பு 'டிக்' என்று அணைந்தது. அதுவரை நின்றுவிட்டு இருவரும் லிஃப்டில் ஏறினோம். அவர் மூன்றில் இறங்கினார், நான் ஐந்தில்.

ஆகவே என்சியோ, வருந்தி எழுதுவது என்னவென்றால், டிசம்பர் 12 அன்று நீங்கள் வர வேண்டாம். வருவது அந்த ஒரு மணி நேரத்துக்காக. அது இப்போது என்னிடம் இல்லை. பதினைந்து மணி நேர ரயிலில் வருகிறவரைப் புதன்கிழமைக்கு ஐந்து நாள் காத்திருங்கள் என்றோ, நகராட்சி நீச்சல் கூடத்தில் அந்நியர்களோடு உட்காருங்கள் என்றோ சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயணச்சீட்டை ரத்து செய்துவிடுங்கள். அதையும் செல்பேசியில்தான் செய்ய வேண்டுமாம், மகளைக் கேளுங்கள். கெர்ட்டுவின் செல்பேசி இணைப்பையும் இந்த மாதத்தோடு நிறுத்தச் சொல்லப்போகிறேன். செப்டம்பர் 26 அன்று வந்ததுதான் கடைசிச் செய்தி. இப்போது சவுனுரியைத் தொட்டால் ஒரு சாம்பல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒருநாள் பதினேழு நிமிடம் பார்த்தேன், நிற்கவில்லை. இனி எந்த மென்பொருளையும் நம்புவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் பென்சிலை மறுபடி தொங்கவிட வேண்டும் என்று முறைப்படி முன்மொழியப் போகிறேன். நீல நோட்டு ஒன்று, நூல் மூன்று மீட்டர், பென்சில் ஒன்று வாங்கியாகிவிட்டது.

உங்கள் ஏரி நேரத்துக்கு உறையவும், பனித்துளையில் இறக்கும் மீன்வலை கனத்து ஏறவும், முழங்கால் படிக்கட்டில் தகராறு செய்யாதிருக்கவும் வேண்டுகிறேன். மனைவிக்கும் மகளுக்கும் என் வணக்கங்களைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவன்,
அர்மாஸ் ஹியெட்டலா

பின்குறிப்பு, நவம்பர் 23: கடைக்குப் பக்கத்திலிருந்த தபால் பெட்டியை எடுத்துவிட்டார்கள் என்பதால் இந்தக் கடிதம் இரண்டு வாரமாக என் மேலங்கிப் பையில் இருந்தது. மேலே எழுதியதை எழுதாததாகக் கருதவும். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் பென்சில் ஐந்தாவது பொருள். நான்காவது பொருளாக ருஸ்கனென் புதிய மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்தார். சவுனுரியிலிருந்து வெளியே வந்த இரண்டு பேர் தொடங்கியதாம். கதவு, அடுப்பு, முறை மூன்றும் அதற்குள். பாசோனென் எழுந்து, "கம்பெனி போச்சுன்னா?" என்று கேட்டார். போகாது என்று பதில் வந்தது. பதின்மூன்றுக்கு ஒன்று என்ற வித்தியாசத்தில் நிறைவேறியது. நானும் ஆதரித்தேன். பழைய முறைகளை யாராவது உட்கார்ந்து தட்டச்சு செய்து தந்தால் போதும், யாரும் எழுந்து சொல்ல வேண்டியதில்லை என்றார் ருஸ்கனென். பட்டியல் வேலை தெரிந்தவன் என்று என்னை உட்கார வைத்தார்கள். பாசோனென் என் காது பக்கம் குனிந்து நாற்பத்தொன்றையும் ஒன்றுவிடாமல் முணுமுணுத்தார். வெள்ளி ஏழு மணி வந்ததும் இருமினார். நான் கெர்ட்டு ஹியெட்டலா என்று அடித்தேன். பின்னால் நின்ற ரைலி, "போன் நம்பரையும் போடுங்க, இல்லன்னா செய்தி வராது," என்றார். போட்டேன். மறுநாளே கதவில் சாதாரணப் பூட்டைக் கழற்றிவிட்டுப் புதிய மென்பொருளின் பூட்டை மாட்டினார்கள், கடிகாரத்தையும் எடுத்துவிட்டார்கள். 14ஆம் தேதியும் 21ஆம் தேதியும் ஆறே முக்காலுக்குச் செய்தி வந்தது: "வணக்கம் கெர்ட்டு! உங்கள் சவுனா தயார்." பழையது நீ என்று பேசும், இது நீங்கள் என்கிறது. பழகிவிடும். இணைப்பை நிறுத்தவில்லை. நோட்டையும் நூலையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன், பென்சில் பாசோனெனின் குறுக்கெழுத்துக்குப் போயிற்று.

ஆகவே சீட்டை ரத்து செய்ய வேண்டாம். டிசம்பர் 12 வெள்ளி, மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு நிலையத்தில் நிற்பேன். ஏழு மணிக்குக் கீழே இறங்கலாம். கடுகு விழுது இங்கே இருக்கிறது, சாசேஜ் நீங்கள் கொண்டு வாருங்கள். புதிய மென்பொருள் இப்போதைக்கு முப்பது நாள் இலவசச் சோதனையில் ஓடுகிறது. நவம்பர் 12 அன்று தொடங்கியது, டிசம்பர் 11 நள்ளிரவோடு முடிகிறது. பணம் கட்டித் தொடர்வது பற்றி ஜனவரி 13ஆம் தேதிக் கூட்டத்தில் பேசப்படும்.